மூன்று இலக்கங்களும் சிறிய இடதுசாரி வேட்பாளர்களுக்கே: உப்புவெளித் தம்பிக்கு ஒரு பதில்

உப்புவெளியிலிருந்து எழுதும் தம்பி கேட்டிருப்பது இதுதான். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். தன்னை இடதுசாரி என்று சொல்லிக்கொள்கிறவர், பெரிய வேட்பாளர்கள் எவரிலும் நம்பிக்கை இல்லாதவர். ஆகவே 1, 2, 3 என்ற மூன்று இலக்கங்களையும் மூன்று சிறிய இடதுசாரிக் கட்சிகளுக்கே போட்டுவிட்டு வந்தார். "உன்ர வாக்கைக் கொண்டுபோய்க் கடலில போட்டாய்" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாராம். அண்ணன் சொல்வது சரியா, அடுத்த முறை இந்தச் சிறிய கட்சிகளில் எதைத் தெரிவுசெய்வது, எதை வைத்துத் தெரிவுசெய்வது என்று கேட்கிறார். அவர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். "தெற்கில் இருக்கும் இடதுசாரியைத் திருகோணமலையில் இருக்கும் தமிழன் எந்த அளவுக்கு நம்பலாம்?" என்ற இன்னொரு கேள்வியும் வரிகளுக்கு இடையில் இருக்கிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவன், இந்த ஊரிலேயே இருபத்தாறு வருடம். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரையும் போலத் தேர்தல் கடமைக்கும் போய்வருகிறேன். ஆசிரியர் சங்கத்தில் இருந்திருக்கிறேன், என் சாய்வும் இடப்பக்கம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கலாம். இன்னாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன். நான் யாருக்குப் போட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி, எண்ணும் முறை. சீட்டில் போடும் 1 உங்கள் வாக்கு, 2உம் 3உம் விருப்பு வாக்குகள். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தால் அத்தோடு கதை முடிந்தது, 2, 3 எதையும் யாரும் பார்ப்பதில்லை. எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரே தடவையில் நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகளை மட்டும் திரும்ப எடுப்பார்கள். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தால் அவருக்குச் சேரும். 2 இன்னொரு நீக்கப்பட்டவருக்குப் போயிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். 3உம் அந்த இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் அந்தச் சீட்டுக்கு இரண்டாம் சுற்றில் வேலை இல்லை. முதல் இருவரின் சீட்டுகளில் உள்ள 2, 3 எந்தக் கட்டத்திலும் பார்க்கப்படுவதில்லை.

இதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம், செய்து காட்டுவது சுகம். 2024 ஆகஸ்ட்டில் திருக்கடலூரில் ஒரு மீனவர் சங்கத்தில் பேசக் கேட்டிருந்தார்கள். வேட்பாளர் பெயரைச் சொன்னால் கூட்டம் இரண்டாகிவிடும் என்று மீன்களை நிறுத்தினேன். பாரை, சூரை, நெத்தலி, சாளை, கீரி என்று ஐந்து வேட்பாளர்கள். கொப்பித் தாளை வெட்டி முப்பது பேருக்கும் கொடுத்தோம். எண்ணியபோது பாரைக்கு 12, சூரைக்கு 10, நெத்தலிக்கு 4, சாளைக்கு 3, கீரிக்கு 1. பாதியைத் தாண்ட 16 வேண்டும், யாருக்கும் இல்லை. சின்ன மீன்களின் எட்டுச் சீட்டுகளைத் திரும்ப எடுத்தோம். மூன்றில் 1 மட்டும் இருந்தது. இரண்டில் 1, 2, 3 மூன்றுமே சின்ன மீன்களுக்கு. மிச்சம் மூன்றில்தான் சேர்க்க ஏதாவது இருந்தது: சூரைக்கு இரண்டு, பாரைக்கு ஒன்று. முடிவில் பாரை 13, சூரை 12. எவருக்கும் சேராத ஐந்து சீட்டு மேசை மூலையில் தனியாகக் கிடந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர் எழும்பி, "என்ர நெத்தலி எங்க சேர் போச்சு?" என்று கேட்டார். அந்த ஐந்தில் அவருடையதைத் தேடி எடுத்துக் காட்டினேன். 1 நெத்தலி, 2 சாளை, 3 கீரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டில ஒண்டெண்டா எனக்குச் சூரைதான் வேணும்" என்றார். அவருடைய 3 கீரிக்குப் போகாமல் சூரைக்குப் போயிருந்தால் 13க்கு 13. அவரைப் போல இன்னொருவரும் இருந்திருந்தால் சூரை வென்றிருக்கும். இருவரின் 1உம் நெத்தலியிடமே இருந்திருக்கும். அந்தச் சங்கத்தில் அதற்குப் பிறகு நான் விளக்கிச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

தம்பி, உங்கள் சீட்டும் அந்த நெத்தலிச் சீட்டுத்தான். ஆகவே அண்ணன் சொன்னதில் பாதி சரி. உங்கள் 1 வீணாகவில்லை. அது எண்ணப்பட்டது, அந்த வேட்பாளரின் பெயருக்கு எதிரே அரசாங்கப் பெறுபேற்றில் ஓர் எண்ணாக நிற்கிறது. வேலை செய்யாமல் போனவை 2உம் 3உம்தான். இன்னுமொன்றைக் கவனியுங்கள்: நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்குப் போன 2, 3 எங்கும் தனியாக எண்ணப்படுவதில்லை, வெளியிடப்படுவதும் இல்லை. இரண்டாவது இடதுசாரி வேட்பாளருக்கு ஒரு மரியாதை செய்தேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்த மரியாதை அவருடைய கண்ணில் பட வழியே இல்லை. 1 ஓர் இடதுசாரிக்கு, 2 இன்னோர் இடதுசாரிக்கு, 3 முதல் இருவராக வரக்கூடியவர்களில் ஒருவருக்கு என்று போட்டாலும், 2ஐ நேரே அந்த ஒருவருக்குப் போட்டாலும் விளைவு ஒன்றுதான். மூன்றையும் சிறியவர்களுக்கே கொடுப்பதுதான் வித்தியாசமான விளைவைத் தருகிறது.

இதைக் கணக்குப் பாடமாக மட்டும் பார்க்க வேண்டாம். 1982இலிருந்து 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால் 2, 3 என்பது பாடப்புத்தகத்துக்குள் மட்டும் இருந்த சங்கதி. வகுப்பில் நானே அதை இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போயிருக்கிறேன், அதற்கு இப்போது வருந்துகிறேன். 2024இல்தான் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை வந்தது. அனுரகுமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. ரணில் விக்கிரமசிங்க உட்பட மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஏறக்குறைய 33 லட்சம். அந்த 33 லட்சம் சீட்டுகளில் முதல் இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் அனுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131, அதாவது நூற்றுக்கு எட்டு. மிச்சம் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் அந்த மேசை மூலையில் கிடந்தன. கடைசியில் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 12 லட்சம் சொச்சம். அந்த 30 லட்சம் பேரும் அடையாளமிட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் முடிவைத் தீர்மானிக்கப் போதுமான தொகை வாய் திறக்காமல் இருந்தது என்பது நிச்சயம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இந்த விவாதத்தை அமெரிக்கச் செய்திகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே 2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் புஷ் 537 வாக்கால் வென்றார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அதே மாநிலத்தில் 97,488 வாக்கு. அதனால்தான் மூன்றாம் கட்சிக்குப் போடுவது எதிரிக்குப் போடுவது என்ற வாதம் அங்கே இன்றுவரை ஓயவில்லை. அங்கே வாக்காளருக்கு ஓர் அடையாளம்தான் இருந்தது, அதனால் அந்த வாதத்துக்கு அங்கே அர்த்தம் உண்டு. நம் சீட்டில் மூன்று இருக்கிறது. மனச்சாட்சிக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்று என்று பிரித்துப் போட நமக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. இடதுசாரி வாக்காளருக்கு இதைவிட வசதியான சீட்டு கிடைப்பது அரிது என்பதுதான் என் எண்ணம். அதைப் பாவிக்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து வருவது நிச்சயம் குறைந்த பகுதி. சிறிய இடதுசாரி ஒருவருக்குப் போடும் 1 எதையாவது அசைக்குமா? அசைக்கப் பார்த்த ஒரு தேர்தல் உண்டு. 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதம் எடுத்தார். பாதியை அவர் தாண்டியது ஏறக்குறைய 28,600 வாக்குகளால்தான். அந்தத் தேர்தலில் மூன்றாவது இடம் ஐக்கிய சோசலிசக் கட்சியின் சிறிதுங்க ஜயசூரியவுக்கு, 35,425 வாக்கு. ஒரு வீதத்தில் பாதிகூட இல்லாத அந்தத் தொகை, பாதியைத் தாண்டிய இடைவெளியைவிடப் பெரிது. மகிந்தவிடமிருந்து இன்னும் 28,600 பேர் அந்தப் பக்கம் போயிருந்தால் இரண்டாம் எண்ணிக்கை 2024 வரை காத்திருக்க வேண்டியிருக்காது. அதே தேர்தலில் வன்னியிலிருந்து புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை, நாடு முழுக்க வித்தியாசம் 180,786. வாக்கு போடாமல் விட்டதன் விளைவு எப்படி இருந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யுத்தம் திரும்பி வந்த 2006ஐ நேரில் பார்த்த எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கம் 1982ஐ வைத்துப் பாருங்கள். முதலாவது ஜனாதிபதித் தேர்தல், ஆறு வேட்பாளர்கள், அதில் மூவர் இடதுசாரிகள்: மக்கள் விடுதலை முன்னணியின் ரோகண விஜேவீர 273,428, லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா 58,531, நவ சமசமாஜக் கட்சியின் வாசுதேவ நாணயக்கார 17,005. மூவரும் சேர்ந்து ஐந்தரை வீதத்தை எட்டவில்லை. ஜே.ஆர். ஜயவர்தன 52.9 வீதத்தோடு முதல் எண்ணிக்கையிலேயே வென்றார், விருப்பு வாக்குக்கு இடமே வரவில்லை. உங்கள் கேள்வி நாற்பது வருடத்துக்கு முந்திய கேள்வி, தம்பி. அன்றைக்கு அந்த மூவரில் ஒருவரைத் தெரிவுசெய்தவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால், தெரிவுசெய்வதற்கு எந்த அளவுகோல் உதவும் என்பது விளங்கும்.

கொல்வினை எடுங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று பாராளுமன்றத்தில் எச்சரித்த மனிதர். அந்தப் பேச்சைத் தமிழ் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். அவருடைய கட்சி 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவோடு கூட்டரசாங்கத்துக்குப் போனது. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, சிங்களத்தை அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே எழுதி, பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பை இல்லாமலாக்கிய அரசியலமைப்பை முன்னின்று வரைந்தவரும் அதே கொல்வின்தான். வாசுதேவ பின்னாளில் மகிந்த ராஜபக்சவின் அமைச்சரவையில் இருந்தார். விஜேவீரவின் கட்சி 2005இல், அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து நடத்தவிருந்த சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. வடக்கு கிழக்கு இணைப்பை எதிர்த்து நீதிமன்றம் போனதும் அந்தக் கட்சிக்காரர்கள்தான். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாது என்றது. அதுவரை வடக்கு கிழக்கு மாகாணத்தின் தலைநகராக இருந்தது நம் திருகோணமலை. இது எங்கள் தெருவில் நடந்த விஷயம், கொழும்பில் யாரோ எழுதிய கட்டுரை இல்லை. அந்தக் கட்சியை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்கே 2024 நவம்பரில் இந்த மாவட்டம் நான்கில் இரண்டு ஆசனம் கொடுத்தது. அது மக்களின் தெரிவு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2006ஐயும் மறக்க மாட்டேன்.

ஆகவே விஞ்ஞாபனத்தை வைத்துத் தெரிவுசெய்யாதீர்கள். இடதுசாரி விஞ்ஞாபனங்கள் எல்லாமே ஒன்றுபோலத்தான் வாசிக்கும். திகதிகளை வைத்துத் தெரிவுசெய்யுங்கள். தமிழருக்காகப் பேசினால் தெற்கில் வாக்கு குறையும் என்ற நாளில், பேசினால் அடி விழும் என்ற நாளில், அந்தக் கட்சி என்ன பேசியது என்று பாருங்கள். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு அரசாங்கம் பழியைத் திருப்பி மக்கள் விடுதலை முன்னணியையும் நவ சமசமாஜக் கட்சியையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடைசெய்தது. நவ சமசமாஜத்தின் விக்கிரமபாகு கருணாரத்ன 2024 ஜூலையில் காலமாகும்வரை தமிழரின் சுயநிர்ணய உரிமையைச் சிங்கள மேடைகளில் சொன்னவர். சிறிதுங்கவும் அந்த நிலைப்பாட்டில் நின்றவர். சோசலிச சமத்துவக் கட்சி சிறியது, மற்ற இடதுசாரிகளோடு ஒத்துப்போகாதது, தமிழ்த் தேசியவாதத்தையும் கடுமையாகத் தாக்குவது. ஆனால் வடக்கு கிழக்கிலிருந்து படையினரைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று யுத்தத்தின் உச்சத்திலேயே சொன்னது, அதைத் தமிழிலும் எழுதியது. முன்னிலை சோசலிசக் கட்சி 2012இல் மக்கள் விடுதலை முன்னணியிலிருந்து பிரிந்தவர்களால் உருவானது. அந்தப் பிரிவு உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில், 2011 டிசம்பரில், காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு யாழ்ப்பாணத்தில் வேலை செய்த லலித், குகன் என்ற அவர்களின் இரு செயற்பாட்டாளர்களே காணாமலாக்கப்பட்டார்கள். 2024இல் மக்கள் போராட்ட முன்னணி சார்பில் நின்ற நுவன் போபகேவின் அணியில் அந்தக் கட்சியும் இருந்தது.

இவற்றில் எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பது உங்கள் தீர்ப்பு. என் தீர்ப்பில் இனப்பிரச்சினை முதலாவது, அதற்குப் பிறகுதான் மற்றவை. இதோடு எல்லா இடதுசாரிகளும் ஒத்துப்போக மாட்டார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் 2023 கடன் திட்டத்தை யார் முழுதாக எதிர்க்கிறார்கள் என்பதே முதல் அளவுகோல் என்று என் சங்கத் தோழர்கள் சிலர் சொல்வார்கள். அந்தத் திட்டத்தைத் தேசிய மக்கள் சக்தி அரசாங்கமும் தொடர்கிறது என்பதால் அவர்களுடைய வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இருவரும் ஒரே வேட்பாளரிடம் வந்து சேரவும் கூடும்.

இன்னுமொரு சோதனை இருக்கிறது, அதற்குக் கொழும்புப் பத்திரிகை தேவையில்லை. தேர்தல் இல்லாத வருடத்தில் அந்தக் கட்சி திருகோணமலைக்கு வந்ததா? முத்துநகர் விவசாயிகள் 2025இல் தங்கள் வயல் காணி சூரிய மின்திட்டத்துக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பின்னேரம் அங்கே நின்றேன். ஓலைப் பாயில் இருந்த ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, தன் வயலில் எத்தனை மூட்டை நெல் விளையும் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வந்து அந்தப் பாயில் இருந்தார்கள், யார் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், யார் அந்தப் பக்கமே வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள். 2006இல் இடம்பெயர்ந்து 2015இல்தான் திரும்பத் தொடங்கிய சம்பூர்ச் சனத்திடம் கேளுங்கள். அங்கே அனல் மின்நிலையம் வரப்போகிறது என்று நிலத்தையும் கடலையும் காக்கப் போராடியபோது, 2016இல் அது கைவிடப்படும்வரை யார் கூட நின்றார்கள் என்று ஆள் ஆளாகச் சொல்வார்கள். துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களிடமும் கேட்கலாம். ஒரு கட்சிக்கு ஊரில் நாலு பேர்தான் இருக்கலாம். அந்த நாலு பேரும் நோட்டீஸைத் தமிழில் பிழையில்லாமல் அடித்து, சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்து, கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தப்புகிற கட்சி பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும், சில வருடம் ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்ப் பொது வேட்பாளரைப் பற்றி நீங்கள் ஒரு வரியில்தான் கேட்டிருந்தீர்கள். 2024இல் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு நாடு முழுக்க 226,343 வாக்கு. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்திருந்தது, அதையும் தாண்டி வந்த தொகை அது. அவர் இடதுசாரி வேட்பாளர் என்று நின்றவர் அல்ல. ஆனால் இனப்பிரச்சினை தீரவில்லை என்பதை எண்ணிக்கையில் பதிவுசெய்ய வேண்டும் என்று ஓர் இடதுசாரி அவருக்கு 1 போட்டால் அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழருக்குள் உள்ள சாதி, கூலி, பெண்களின் நிலை பற்றி அந்த மேடைகளில் அதிகம் பேசவில்லை என்ற குறை எனக்கு உண்டு. எண்ணும் முறை அவருடைய சீட்டுக்கும் ஒன்றுதான்: 2, 3 வெறுமையாக விட்டவர்களுக்கு இரண்டாம் சுற்றில் குரல் இருக்கவில்லை.

சிறிய கட்சியை வளர்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஜனாதிபதித் தேர்தல் அதற்கு ஆகக் குறைந்த பலன் தரும் இடம். அங்கே எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காதவருக்குக் கட்டுப்பணமே திரும்பாது. பாராளுமன்றத் தேர்தலும் நம் மாவட்டத்தில் கடினம்: நான்கே ஆசனம், அதில் ஒன்று முதலாவதாக வரும் கட்சிக்கு, மிச்சம் மூன்றைத்தான் பங்கிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள ஐந்து வீத வெட்டுப்புள்ளி வெறும் வாசற்படி. 2024இல் இங்கே ஆகக் குறைந்த வாக்கோடு ஆசனம் எடுத்த கட்சிக்கே 34,000 அளவில் தேவைப்பட்டது. உள்ளூராட்சித் தேர்தல் அப்படியில்லை. வட்டாரம் 60 வீதம், விகிதாசாரம் 40 வீதம் என்ற கலப்பு முறையில், இருபத்தைந்து உறுப்பினர் உள்ள சபையில் மொத்த வாக்கில் நூற்றுக்கு நாலு கிடைத்தாலே ஓர் ஆசனம் வரக்கூடும். வடிகால், குப்பை, சந்தை வரி, கடற்கரைக் காணி என்று ஓர் இடதுசாரி உறுப்பினர் எழும்பிக் கேட்கக்கூடிய எல்லாமே அந்தச் சபையில் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒருவர் நின்றால், ஜனாதிபதித் தேர்தலில் போடும் 1ஐவிட அந்த ஒரு வாக்கு கூடக் கனக்கும். அவருக்காக ஒரு கிழமை வீடு வீடாகப் போனால் இன்னும் கூட.

மிச்சம் இருப்பது அந்தக் கடைசி அடையாளம். பெரிய இருவரில் ஒருவருக்கு 2ஓ 3ஓ போடக் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவேன் என்று சொல்லிவிட்டு நீக்காதவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கை வராதுதான், அதை நான் மதிக்கிறேன். அந்த அடையாளம் ஆதரவு அல்ல, இந்த இருவரில் யாரோடு ஐந்து வருடம் போராடுவது நமக்குச் சுலபம் என்ற தெரிவு என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். யாருடைய ஆட்சியில் ஊர்வலம் போகலாம், யாருடைய ஆட்சியில் ஊர்வலம் போனவரைத் தேடி இரவில் வாகனம் வரும் என்பது இந்த மண்ணில் சின்ன வித்தியாசம் இல்லை. இருவருக்கும் இடையில் அப்படி ஒரு வித்தியாசமும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் வெறுமையாக விடுங்கள். அதுவும் ஒரு நிலைப்பாடு, ஆனால் தெரிந்துகொண்டே விட்டதாக இருக்கட்டும், அந்த நெத்தலிக்காரரைப் போலத் தெரியாமல் போனதாக இருக்க வேண்டாம்.

அடையாளமிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். புள்ளடி போட்டால் ஒருவருக்குப் போட்டுவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். விருப்பு அடையாளமிடுவதென்றால் 1, 2, 3 என்று இலக்கமாகவே போடுங்கள், புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் இருக்கும் சீட்டு நிராகரிக்கப்படும். 2024இல் நாடு முழுக்க நிராகரிக்கப்பட்டவை 300,300. கை தவறிச் சீட்டைப் பழுதாக்கிவிட்டால் பதறிப்போய்ப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு தலைமை தாங்கும் அலுவலரிடம் வந்து சொன்னால் வேறொன்று தருவார். அந்த மேசையில் நான் இருந்த நாட்களில் அப்படிக் கேட்டு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.